வெடியுப்புக் குகை: தும்பறை மலைக்குள் முதலில் நுழைந்தவர்கள் யார்?

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது வில்கமுவ. ஒரு பக்கம் மகாவலியும் வஸ்கமுவ தேசிய பூங்காவும். மறு பக்கம் நக்கிள்ஸ் மலைத்தொடர். சிங்களத்தில் அதைத் தும்பறை மலை என்பார்கள். இந்தப் பக்கம் வருகிற வெளியூர்க்காரர்களில் பெரும்பாலானோர் யானை பார்க்க வருகிறார்கள். மலையைப் படமெடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த மலையின் வயிற்றுக்குள் சுண்ணாம்புக்கல் குகைகள் உண்டு. அவற்றில் ஒன்றில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், கண்டி அரசனின் துப்பாக்கிகளுக்கு மருந்து தயாரானது.

அந்தக் குகையை இன்று மலையேறுபவர்கள் 'நைட்டர் கேவ்' என்கிறார்கள். நைட்டர் என்றால் வெடியுப்பு. சிங்களத்தில் 'வெடிலுணு'. லுணு என்றால் உப்பு. வெடி என்ற சொல்லை நாமும் அவர்களும் ஒரே பொருளில்தான் பயன்படுத்துகிறோம். வில்கமுவ பிரதேச செயலகப் பிரிவின் எல்லையைத் தாண்டி, மீமுரே பக்கத்து மலைக்காட்டில் அந்தக் குகை இருக்கிறது. அதன் கதையை நான் தேடத் தொடங்கியதற்குக் காரணம் ஒரு சின்னக் கேள்வி. இலங்கையில் சுண்ணாம்புக்கல் குகைகளை 'கண்டுபிடித்தவர்' யார்? நூல்களில் தேடினால் வெள்ளைக்காரப் பெயர்கள் வருகின்றன. ஆனால் அந்த நூல்களையே கொஞ்சம் நிதானமாக வாசித்தால் வேறு ஆட்கள் தெரிகிறார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மாத்தளை மாவட்டம் என்றதும் குகைக்கு நம் மனதில் வருவது தம்புள்ளை. அல்லது மாத்தளை நகருக்குப் பக்கத்திலுள்ள அலுவிகாரை. இவை இரண்டும் மிகப் பழைய, மிகப் புகழ்பெற்ற இடங்கள். ஆனால் நிலவியல்படி பார்த்தால் இவை பாறை ஒதுக்குகள். பெரிய பாறை ஒன்று வெளியே துருத்தி நிற்கும். அதன் அடியில் ஆட்கள் தங்குவார்கள். மழைநீர் பாறை முகத்தில் வழிந்து உள்ளே வராமலிருக்க மேல் விளிம்பில் ஒரு நீர்வடி வரம்பு வெட்டுவார்கள். பிறகு சுவர் கட்டுவார்கள். அந்தப் பாறை நைஸ் வகையைச் சேர்ந்தது. தண்ணீர் அதைக் கரைக்காது.

சுண்ணாம்புக்கல்லைத் தண்ணீர் கரைக்கும். மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மிக மெல்லிய அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளில் இறங்கி, ஆண்டுக்கு ஒரு மயிரிழைகூட இல்லாத வேகத்தில் கரைத்துக்கொண்டே போகும். பல்லாயிரம் ஆண்டுகள் கழித்து அங்கே ஓர் ஆள் நுழையக்கூடிய வழி இருக்கும். கரைந்த சுண்ணாம்பு வேறோரிடத்தில் சொட்டி, கூரையிலிருந்து தொங்கும் ஊசிகளாகவும் தரையிலிருந்து எழும் தூண்களாகவும் மறுபடி கல்லாகும்.

வடக்கிலிருந்து வாசிப்பவர்களுக்கு இது புதிதல்ல. யாழ்ப்பாணக் குடாநாடே ஒரு சுண்ணாம்புக்கல் பலகை. நிலாவரைக் கிணற்றின் மேலே நல்ல தண்ணீரும் கீழே உப்புத் தண்ணீரும் இருப்பதற்கு நிலத்துக்கடியிலுள்ள இந்தக் கரைவு வழிகளே காரணம். கீரிமலைக் கேணியும் அப்படித்தான். ஆனால் குடாநாட்டின் கல் இளையது. கடலடியில் படிந்து ஏறக்குறைய அப்படியே இருப்பது. மத்திய மலைநாட்டின் சுண்ணாம்புக்கல்லோ 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பூமியின் ஆழத்தில் வெந்து, நெருக்குண்டு பளிங்காகிவிட்ட கல். அது நைஸ் பாறைகளுக்கு நடுவே பட்டை பட்டையாகத்தான் கிடைக்கிறது. மாத்தளையிலும் திகணவிலும் சுண்ணாம்புக்கும் டொலமைட்டுக்கும் தோண்டுவது இந்தப் பட்டைகளைத்தான். பட்டை மெலிதாக இருப்பதால் குகையும் பெரிதாக வளர முடியாது. அதனால்தான் மேகாலயாவில் உள்ளதுபோல் முப்பது கிலோமீற்றர் நீளக் குகை நம் மலைகளில் இல்லை.

இருப்பவை சில. வெலிமடைப் பக்கம் இஸ்திரிபுர. அங்கே இராவணன் சீதையை ஒளித்து வைத்தான் என்று கதை சொல்வார்கள். இரத்தினபுரி மாவட்டத்தில் வவுல்பனே. அதற்குள் ஓர் ஓடையே ஓடுகிறது. பெயரிலேயே வௌவால் இருக்கிறது. பெயருக்கேற்ப இலட்சக்கணக்கில் வௌவால்கள் அங்கே வாழ்கின்றன. பிறகு தும்பறையின் வெடியுப்புக் குகை. எழுத்தில் முதலில் விரிவாகப் பதிவானது இதுதான்.

ஒரு வைத்தியரின் வருகை

பதிவு செய்தவர் ஜோன் டேவி. பிரித்தானிய இராணுவ வைத்தியர். 1816 முதல் 1820 வரை இலங்கையில் இருந்தார். சுரங்கத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு விளக்கை 1815இல் உருவாக்கிய ஹம்ப்ரி டேவியின் தம்பி. தம்பியும் லேசுப்பட்டவர் அல்ல. 1812இல் பொஸ்ஜீன் என்ற வாயுவை முதலில் தயாரித்தவர் அவர்தான். ஒரு நூற்றாண்டு கழித்து முதலாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கானோரை அந்த வாயு கொன்றது. வெடியுப்பைத் தேடி வந்த ஆளுக்குப் பொருத்தமான முன்கதைதான்.

அவர் வந்த காலத்தைக் கவனியுங்கள். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனது. 1817, 1818இல் ஊவாவில் வெடித்த கிளர்ச்சியை அவர்கள் மிகக் கொடூரமாக அடக்கினார்கள். கண்டியரிடம் துப்பாக்கி இருந்தது. மருந்து எங்கிருந்து வந்தது? வெடிமருந்தில் முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கந்தகமும் கரியும். கரி எந்தக் காட்டிலும் கிடைக்கும். கந்தகம் கரையோரத்திலிருந்து மேலே வர வேண்டும். வெடியுப்பு மட்டும் மலைக்குள்ளேயே விளைந்தது. புதிதாகக் கைப்பற்றிய நாட்டில் வெடியுப்பு எங்கே, எப்படி உண்டாகிறது என்று ஒரு வேதியியல் தெரிந்த இராணுவ வைத்தியர் ஆராய்வது வெறும் அறிவு ஆர்வம் மட்டுமாக இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

டேவி 1821இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கையின் உள்நாட்டைப் பற்றிய நூலில் இந்தக் குகை வருகிறது. ஊரின் பெயரை 'மேமூரா' என்று எழுதுகிறார். இன்றைய மீமுரே. குகை சுமார் 200 அடி ஆழம் என்கிறார். வாயில்தான் அதன் மிக உயரமான பகுதி, சுமார் 80 அடி உயரம், 100 அடி அகலம். உட்பகுதி ஒடுங்கி இருண்டு போகிறது. பந்தம் இல்லாமல் போக முடியாது. கல்லை எடுத்துப் பகுப்பாய்வும் செய்தார். நூறு பங்கு கல்லில் வெடியுப்பு 2.4 பங்கு. சுண்ணாம்பு கால்வாசிக்குச் சற்று மேல்.

அந்த 2.4ஐ வைத்து நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ வெடிமருந்துக்கு 750 கிராம் வெடியுப்பு வேண்டும். அதற்கு ஏறக்குறைய 31 கிலோ கல்லைச் சுவரிலிருந்து கொத்தியெடுத்து, இடித்துத் தூளாக்கி, கழுவ வேண்டும். பந்தப் புகையில், வௌவால் எச்சத்தின் காரம் மூக்கில் ஏற, பாறைச் சரிவில் நின்றுகொண்டு.

இதைச் செய்தவர்கள்தான் நான் முதலில் சொன்ன வேறு ஆட்கள். டேவி போனபோது அங்கே நிரந்தர வேலையாட்கள் 16 பேர் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே மொஹொட்டால என்ற பதவியில் ஒரு மேற்பார்வையாளர். கூலி கிடையாது. இறையில்லாமல் அனுபவிக்கக் காணி கொடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஒரு சுமை வெடியுப்பை அரச களஞ்சியத்துக்குக் கொடுக்க வேண்டும். இராஜகாரிய முறை அது. மழையில்லாத மாதங்களில் மட்டும் வேலை. இந்த வேலை அங்கே ஐம்பது ஆண்டுகளாக நடந்து வருவதாக டேவியே எழுதுகிறார். அப்படியென்றால் அவர் காலடி வைப்பதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்பே அந்தக் குகையின் ஒவ்வொரு மூலையும் ஒருவருக்குத் தெரிந்திருந்தது. எந்தச் சுவரில் உப்புப் பூக்கும், எந்த மூலையில் காற்று நிற்கும், எங்கே கால் வழுக்கும் என்பதெல்லாம்.

அந்தப் பதினாறு பேரில் ஒருவரின் பெயர்கூட இன்று நமக்கு எஞ்சவில்லை.

உப்பு விளைவது எப்படி

அவர்கள் செய்த வேலைமுறையை விவரிக்காமல் விட மனமில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது.

குகைக் கூரையில் வௌவால்கள். அவற்றின் எச்சம் தரையிலும் விளிம்புகளிலும் சேர்கிறது. அதிலிருந்து அமோனியா. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அந்த அமிலம் பக்கத்திலுள்ள சுண்ணாம்புடனும் மக்னீசியத்துடனும் சேர்ந்து உப்பாகிறது. கல்லில் பெல்ட்ஸ்பார் என்ற கனிமம் இருந்தால் பொட்டாசியமும் கிடைக்கும். பொட்டாசியத்துடன் சேர்ந்தால் அதுதான் அசல் வெடியுப்பு. தும்பறைக் கல்லில் இரண்டும் கலந்திருந்தன.

சுண்ணாம்பு உப்பும் மக்னீசிய உப்பும் மருந்துக்கு உதவா. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும். நனைந்த மருந்து துப்பாக்கியில் புகையும், வெடிக்காது. இதற்கு வேலையாட்கள் வைத்திருந்த வழி அடுப்புச் சாம்பல். இடித்த கல்தூளில் அதே அளவு விறகுச் சாம்பலைக் கலந்து, பாயால் செய்த வடியில் போட்டு, குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவார்கள். சாம்பலிலுள்ள பொட்டாசியம் உப்புக்குள் போகும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். வடிந்த நீரைக் காய்ச்சி வற்றவைத்து ஆறவிட்டால் ஊசி ஊசியாக வெடியுப்பு உறையும்.

நுண்ணுயிர்களின் பங்கு டேவிக்குத் தெரியாது. அது 1877இல் பிரான்சில் ஷ்லோசிங், மியூன்ஸ் என்ற இருவரின் சோதனையில்தான் தெளிவானது. சாம்பல் ஏன் வேண்டும் என்பதை டேவியால் வேதியியல் மொழியில் விளக்க முடிந்தது. சாம்பல் வேண்டும் என்பது மீமுரேக்காரர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

இதே காலத்தில் உலகின் மறுகோடியில் இதே வேலை நடந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகையில், 1812இல் தொடங்கிய போருக்காக, சுமார் 70 கறுப்பின அடிமைகள் வெடியுப்பு மண் தோண்டினார்கள். அங்கும் மண்ணைக் கழுவி, சாம்பலில் வடித்து, காய்ச்சினார்கள். அவர்கள் போட்ட மரத் தொட்டிகளும் மரக் குழாய்களும் இன்றும் உள்ளே கிடக்கின்றன. போர் முடிந்ததும் குகை சுற்றுலாத் தலமாயிற்று. 1838இல் ஸ்டீபன் பிஷப் என்ற இளம் அடிமை அங்கே வழிகாட்டியாகக் கொண்டுவரப்பட்டார். அதுவரை யாரும் தாண்டாத ஒரு படுகுழியைத் தாண்டி, கண்ணில்லாத மீன்கள் வாழும் நிலத்தடி ஆற்றுவரை போனார். 1842இல் நினைவிலிருந்தே குகையின் வரைபடத்தை வரைந்தார். அந்த வரைபடம் அவர் பெயரிலேயே அச்சானது. உலகின் ஆக நீளமான குகை அதுதான் என்பது பிறகு தெரியவந்தது. இன்று அளந்த வழிகள் மட்டும் 600 கிலோமீற்றருக்கு மேல்.

பிஷப்புக்குப் பெயர் கிடைத்தது. தும்பறையில் அது நடக்கவில்லை.

அளவுநாடா வராத குகை

டேவிக்குப் பிறகு என்ன ஆயிற்று? இராஜகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. பிகாரில் விளைந்த வெடியுப்பு மலிவாகவும் மலை மலையாகவும் பிரித்தானியரிடம் இருந்தது. இனி தும்பறைக் காட்டுக்குள் 31 கிலோ கல்லை இடிக்க யாருக்கும் தேவை இல்லை. மலைச் சரிவுகளில் கோப்பியும் பின்னர் தேயிலையும் ஏலமும் வந்தன. குகைகளின் மேல் ஆய்வாளர்களின் அக்கறையும் திசை மாறியது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த, ஒருவருக்கொருவர் உறவினர்களான சராசின்கள் இருவரும் 1907இல் நீலகலப் பக்கம் பாறை ஒதுக்குகளைத் தோண்டி, கற்கால மனிதனின் கருவிகளை எடுத்தார்கள். பின்னர் பி. ஈ. பி. தெரணியகலவும், அவர் மகன் சிரான் தெரணியகலவும் அந்த வேலையை உலகறியச் செய்தார்கள். அது பெருமைக்குரிய வரலாறு. ஆனால் அதில் பெரும்பகுதி வாயிலருகே மண்ணைத் தோண்டும் ஆய்வு. இருட்டுக்குள் அளவுநாடாவும் திசைகாட்டியும் கொண்டு போகிற ஆய்வு வேறு.

அந்த வேறு வகைக்குப் பக்கத்திலுள்ள நல்ல எடுத்துக்காட்டு ஆந்திராவின் பேலம் குகை. பல்லாவரத்தில் 1863இல் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்லியலைத் தொடக்கிவைத்த ரொபர்ட் புரூஸ் பூட், 1884இல் பேலத்தைக் குறித்து எழுதினார். அதற்குப் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குகை வாய் ஊர்க் குப்பை கொட்டும் இடமானது. 1982இலும் 1983இலும் ஹெர்பர்ட் டானியல் கெபாவர் என்ற ஜேர்மனியரின் குழு, ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போய் அளந்தது. மொத்தம் 3,229 மீற்றர். அந்த வரைபடம் கைக்கு வந்த பிறகுதான் அரசு விழித்தது. 2002இல் மக்களுக்குத் திறந்தார்கள். மேகாலயாவில் 1992 முதல் உள்ளூர்ச் சங்கமும் வெளிநாட்டுக் குகையாய்வாளரும் சேர்ந்து ஆண்டுதோறும் அளக்கிறார்கள். அங்கே நிலக்கரியும் சுண்ணாம்புக்கல்லும் தோண்டுகிறவர்களுடன் வழக்குப் பேச வேண்டி வந்தபோது, கையில் ஆதாரமாக இருந்தவை அந்த வரைபடங்கள்தான். வரைபடம் இல்லாத குகையை உடைத்தால் எதை உடைத்தோம் என்றே தெரியாது.

நம் பக்கத்தில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. நக்கிள்ஸ் 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. ஆகவே வெடியுப்புக் குகையை யாரும் சுண்ணாம்புச் சூளைக்கு எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல் பட்டை வன எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. எல்லைக்கு வெளியே, தனியார் காணிகளிலும், கல் உடைக்கும் இடங்களிலும் என்னென்ன சிறு குகைகள் இருக்கின்றன என்பதற்கு மாத்தளை மாவட்டத்துக்கென ஒரு முழுமையான பட்டியல் வேண்டும். பல்கலைக்கழக நிலவியல் மாணவர்கள் நான்கைந்து பேர், ஊரில் தேன் எடுக்கிற ஆட்கள் இரண்டு பேர், ஒரு வறண்ட பருவம். என் பார்வையில் இதற்கு மேல் பெரிய செலவு இல்லை.

இரண்டாவது பிரச்சினை உள்ளே போகிறவர்கள். இணையத்தில் படம் பரவியதிலிருந்து குகைக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். டோர்ச் லைட்டைக் கூரையில் அடித்து, கத்தி, வௌவால்களைப் பறக்கவிட்டுக் காணொளி எடுக்கிறார்கள். பெரும்பாலான வௌவால் இனங்கள் ஆண்டுக்கு ஒரு குட்டிதான் போடும். தாய் பதறிப் பறக்கும்போது விழுந்த குட்டி பிழைப்பது அரிது. இது யாரோ இயற்கை ஆர்வலரின் கவலை மட்டும் என்று வில்கமுவ விவசாயி நினைக்கக் கூடாது. மினிப்பே இடதுகரை வாய்க்காலின் தண்ணீர் பாயும் வயல்கள் மலையடிவாரத்தில்தான் இருக்கின்றன. இரவில் அந்த வயல்களுக்கு மேலே பூச்சி பிடித்துத் தின்பவை வௌவால்கள். தாய்லாந்தில் நெல்லைத் தாக்கும் தத்துப்பூச்சியை ஒரு குகை வௌவால் இனம் தின்பதை வைத்து 2014இல் ஆய்வாளர்கள் ஒரு மதிப்பீடு செய்தார்கள். அந்த ஓர் இனம் காப்பாற்றும் நெல் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சாப்பாட்டுக்குப் போதும் என்று கணக்கு வந்தது. நம் வயல்களுக்கு அப்படியொரு கணக்கை யாராவது போட வேண்டும்.

ஹெட்டிப்பொலவில் ஒரு முதியவரிடம் வெடிலுணு பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "மாத்தயா, இப்போது அது எதற்கு? கடையில் யூரியா இருக்கிறதே" என்று சிரித்தார். அவர் சொன்னதில் தவறில்லை. வெடியுப்பிலும் யூரியாவிலும் பயிருக்குப் போவது ஒரே நைதரசன்தான். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது வௌவால் எச்சத்தை மூட்டை கட்டலாமா என்று பேசியவர்களும் இருந்தார்கள். எச்சத்தை வாரினால் அதில் வாழும் பூச்சிகளும், அவற்றைத் தின்னும் குருட்டு உயிர்களும் போய்விடும். வவுல்பனே போன்ற ஓடையுள்ள குகையில் தண்ணீரும் கெடும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விடயங்கள். பாதுகாக்கப்பட்ட வனம் என்பதால் வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். ஊரில் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். பாதை தெரியும் என்று கைபேசி வரைபடத்தை நம்பிப் போகாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடும் நல்ல முகக்கவசம் கட்டாயம். வௌவால் எச்சத்தின் தூசியில் வளரும் ஒருவகைப் பூஞ்சை நுரையீரலைத் தாக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் வாயிலோடு நின்றுவிடுவது நல்லது. உள்ளே நெருப்பு மூட்டக் கூடாது, கூரையில் விளக்கடிக்கக் கூடாது, தொங்கும் கல் ஊசிகளைத் தொடக் கூடாது. கையிலுள்ள எண்ணெய் பட்டாலே அவற்றின் வளர்ச்சி நின்றுபோகும். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் ஓடைகள் திடீரெனப் பெருகும், அட்டையும் அதிகம். அந்தப் பதினாறு பேரும் வேலை செய்த அதே வறண்ட மாதங்களில் போங்கள். கையில் ஒரு அளவுநாடாவும் குறிப்புப் புத்தகமும் இருந்தால், டேவி எழுதிய 200 அடியைச் சரிபார்த்துக்கொண்டு வாருங்கள்.